ஈசானிய மூலையின் சரியான இடம்

சூரியன் கிழக்கே உதிப்பதில்லை, தம்பி. தயவுசெய்து சிரிக்காதீர்கள். இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை வீடுகள் கோணலாக எழும்பியிருக்கின்றன, எத்தனை வேலிச் சண்டைகள் கோர்ட்டு வரை போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். வருஷத்தில் இரண்டே நாள்தான் அது நேர்கிழக்கில் உதிக்கிறது. மற்ற நாளெல்லாம் வடக்கே ஒதுங்கியோ தெற்கே ஒதுங்கியோதான் வரும். இது மார்கழி. தெற்கே ஒதுங்கியிருக்கிறது.

இடதுபக்கம் வெயில் அடிக்கிறதென்று எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்களே, அதனால் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம் வரும். பாலம் தாண்டியதும் பஸ் மெயின் ரோட்டை விட்டு இடதுபக்கம் திரும்பும். அப்போது வெயில் முழுக்க நம் பக்கம்தான். சூரியன் நேர்கிழக்கில் இருந்தால் டிரைவர் முகத்தோடு போயிருக்கும், நமக்கு ஒன்றும் இல்லை. போகட்டும், உட்காருங்கள். இது பெண்கள் இருக்கைதான். காலியாக இருக்கிறவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

என் பெயர் குற்றாலிங்கம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்வேயர் என்றால்தான் உங்களுக்குப் புரியும். திசை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். என் மனைவி சட்டசபைத் தேர்தலில் நின்றபோது அந்தக் கறார்தான் கைகொடுத்தது. ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். ஊர் சொல்வதைக் கேட்டால் சூரியன் கிழக்கேதான் உதிக்கும்.

எந்தத் தொகுதியா? வேலாங்குறிச்சி. இந்த பஸ் போய்ச் சேருகிற ஊர்தான். என் மனைவி பெயர் செண்பகவடிவு. வடிவு என்று கூப்பிடுவோம். அவள் அதற்கு முன்னால் எந்தத் தேர்தலிலும் நின்றவள் அல்ல. எங்கள் ஊர்ப் பெண்கள் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவி, அவ்வளவுதான். அந்தச் சங்கத்துக்குத்தான் அப்போது ஆபத்து வந்திருந்தது. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

அப்போது எங்கள் எம்.எல்.ஏ. தவசிமுத்து. அவருடைய மைத்துனர் ஒருவர் சொந்தமாகப் பால் கம்பெனி வைத்திருந்தார். எங்கள் சங்கத்தைக் கலைத்துவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் மைத்துனர் வண்டியில்தான் பாலை ஊற்றியாக வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. கலைப்பதற்கான வேலை சென்னை வரைக்கும் போய்விட்டது. தேர்தல் வந்ததால் நின்றது. தவசிமுத்து மறுபடியும் ஜெயித்தால் மறுநாளே சங்கத்துக்குப் பூட்டு. இது எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

எங்கள் கட்சியில் இரண்டு பெரிய ஆட்கள் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். தலைமை சலித்துப்போய் இரண்டு பேருக்கும் இல்லை என்று வடிவுக்குக் கொடுத்துவிட்டது. போன் வந்தபோது அவள் சங்கத்தில் பால்மானியைப் பாலில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது நான். ஆக, செய்தி முதலில் எனக்குத்தான் வந்தது.

"என்ன சொல்லுதாவ?" என்றாள்.

"உன்னை வேட்பாளராப் போட்டிருக்காவளாம்."

"தண்ணி கலந்திருக்கு" என்றாள். அது எனக்குச் சொன்னதில்லை. பால் கொண்டுவந்தவளுக்குச் சொன்னது. அந்தப் பெண் போன பிறகு, கையைத் துடைத்துவிட்டு, "நிக்கணும்னா நிப்போம். தோத்தா இந்த இடத்துல மைத்துனர்காரன் வண்டி நிக்கும்" என்றாள். அடுத்த கேனைத் திறந்து பால்மானியை விட்டாள். பயந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அன்றே பொறுப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்சியாக இருந்தாலும் பிரச்சாரத்தைத் தொகுதியின் ஈசானிய மூலையில்தான் தொடங்குவார்கள். பகுத்தறிவு பேசுகிற கட்சியும் அங்கேதான் தொடங்கும். அவர்கள் மட்டும் அதை 'வடகிழக்குப் பகுதி' என்பார்கள். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒரு தொகுதிக்கு மூலை என்று ஒன்று இருப்பதே கணக்குப்படி சரியில்லை. எங்கள் தொகுதி பிய்ந்த தோசை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மூடநம்பிக்கையைக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டால் அதைச் சரியான கோணத்தில் கடைப்பிடிக்க வேண்டும். அதுதான் என் கட்சி.

எல்லோரும் சாத்தங்குடி என்கிற ஊரில் தொடங்குவார்கள். ஏன் சாத்தங்குடி என்று விசாரித்தேன். யாரோ ஒரு காலத்தில் தாலுகா ஆபீஸ் மாடியில் நின்று, சூரியன் உதிக்கிற இடத்தைப் பார்த்து, இது கிழக்கு, இதற்குக் கொஞ்சம் இடதுபக்கம் ஈசானியம் என்று கையை நீட்டியிருக்கிறார். கை போன திசையில் சாத்தங்குடி இருந்திருக்கிறது. அன்றைக்கு மார்கழியா ஆனியா என்று யாரும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மூன்று கட்சியும் தவறான ஊரில் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் திசைகாட்டியை எடுத்தேன். காந்த முள் காட்டுகிற வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? பரவாயில்லை. எங்கள் பகுதியில் அந்த வித்தியாசம் சொற்பம்தான். சொற்பம் என்பதற்காக விட்டுவிட முடியுமா? அதையும் கழித்துப் பார்த்தால், உண்மையான ஈசானியம் சாத்தங்குடிக்கு வடக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம், நொச்சிக்குளத்தில் விழுகிறது. துணி ஒட்டிய தாலுகாப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சர்வீஸில் இருந்தபோது என் கையால் வரைந்தது. அதைத் தரையில் விரித்து வடிவுக்குக் காட்டினேன்.

"நொச்சிக்குளமா?" என்று குனிந்து பார்த்தாள். "அது நம்ம தொகுதிதானா?"

"நான் சங்கிலி பிடிச்சு அளந்த ஊரு. என்கிட்டயே கேக்கியா?"

"நீங்க அளந்தது எப்போ?"

"எப்போ அளந்தா என்ன? நிலம் எந்திரிச்சி நடந்தா போயிரும்?"

அவள் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடையின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து சாத்தங்குடி வரைக்கும் இழுத்தாள். பிறகு, "சரி, அங்கயே போவோம். முன்கூட்டி யாருகிட்டயும் மூச்சு விடாதீய" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவள் இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. ரகசியம் காக்கச் சொன்னாள் பாருங்கள், அதையும் மெச்சினேன். தவசிமுத்து காப்பியடித்துவிடுவார் அல்லவா.

நல்ல நேரம் பார்த்து, மைக் கட்டின ஜீப்பில் நொச்சிக்குளம் போனோம். எங்கள் கட்சிக்காரர்கள் சாத்தங்குடியில் காத்திருந்தார்கள். முதலில் இங்கே, பிறகு அங்கே என்று என் திட்டம். ஊருக்குள் ஜீப் நுழைந்ததும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வடிவு ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எனக்கு ஆச்சரியம். விசாரித்தால், இந்த ஊர்ப் பெண்கள் ஓடையைத் தாண்டி வந்து எங்கள் சங்கத்தில்தான் பால் ஊற்றுகிறார்களாம். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சிக்கனி என்று ஒரு அம்மாள். ஊரில் கொஞ்சம் வாய் உள்ளவள். ஜீப்பின் முன்னால் வந்து நின்று, "மயினி, ஓட்டுக் கேக்கன்னு எங்க ஊருக்குள்ள ஒரு ஜீப்பு வந்து இன்னைக்குத்தான் பாக்கோம்" என்றாள். "ஜீப்பை விடுங்க, பஸ்ஸே வந்ததில்ல. வவுத்துப் பிள்ளைக்காரியா இருந்தாலும் பாலத்துக்கு நடந்து போயித்தான் ஏறணும்."

"பஸ்ஸு வரும்" என்றாள் வடிவு.

"ஜெயிச்சா, ஜெயிச்சான்னு சேத்துக்கோ" என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னேன். சட்டப்படி அந்தச் சொல் முக்கியம். அவள் சேர்க்கவில்லை. முதல் தடவை மைக் பிடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஓடாது.

அதைவிட மோசம், பேச்சு முழுக்க ஒரு தடவைகூட 'எனக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று அவள் சொல்லவே இல்லை. "சங்கம் இருக்கணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளைகளைக் கட்டிக்குடுத்த ஊருக்கெல்லாம் சொல்லியனுப்புங்க" என்கிறாள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்ததற்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? நான் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஓட்டுக் கேளு" என்றேன்.

"கேட்டாச்சு" என்றாள்.

பாவம், பதற்றம்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் பறக்கும் படை மறித்தது. தேர்தல் நேரத்தில் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரிகள். ஒரு துணைத் தாசில்தார், இளவயசு. ஒரு போலீஸ்காரர். வீடியோ எடுக்கிறவர் ஒருவர். துணைத் தாசில்தார் ஜீப்பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதிச் சீட்டைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"சார், இந்த வண்டிக்கு வேலாங்குறிச்சித் தொகுதிக்குள்ளதான் பெர்மிஷன்."

"ஆமாம். வேலாங்குறிச்சித் தொகுதியில்தானே நிற்கிறோம்?" என்றேன்.

"இல்ல சார். தொகுதி மறுசீரமைப்பு நடந்து இது முதல் எலெக்ஷன். ஓடைக்கு இந்தப் பக்கம் எல்லாம் அடுத்த தொகுதி."

என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "நொச்சிக்குளம் போயிருச்சா?" என்றேன்.

"ஊரு இங்கதான் சார் இருக்கு. தொகுதிதான் போயிருச்சு."

தம்பி, என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முதல் நாள், முதல் ஊர், முதல் பேச்சு. ஒரு ஓட்டுகூட இல்லாத ஊரில். விதிமீறல் என்று வழக்கு வரும். சாத்தங்குடியில் கட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். நல்ல நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. தவசிமுத்துக்கு விஷயம் தெரிந்தால் தொகுதி முழுக்கச் சிரிக்கும். சிரிப்புக்கு ஆளான வேட்பாளர் ஜெயித்ததாக நான் படித்ததில்லை. வடிவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. விஷயத்தின் தீவிரம் அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அதனால் நானே வாதாடினேன். படத்தை ஜீப்பின் மூக்கில் விரித்தேன். ஒரு ஓடை எப்படி எல்லையாக இருக்க முடியும், மழைக்கு மழை அது இடம் மாறுமே, அப்படியானால் எல்லையும் மாறுமா என்று கேட்டேன். நியாயமான கேள்வி. துணைத் தாசில்தார் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் மட்டும், "காத்து சத்தமா இருக்கு சார், கடைசில சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். வண்டி அனுமதி என் பெயரில் இருந்தது. ஆகவே வழக்கும் என் பெயரில்தான். அரசியல் வழக்கு என்று ஒன்று என் பெயரில் இருப்பது அப்படித்தான். ஜீப்பை அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

வடிவு ஜீப்பிலிருந்து இறங்கினாள். "சார், வண்டிக்குத்தான பெர்மிஷன் இல்ல. நடக்கதுக்கும் வாங்கணுமா?"

"நடக்கதுக்கு வேண்டாம்மா. ஓடையத் தாண்டிட்டா உங்க தொகுதிதான்."

"அப்ப நடக்கேன்."

ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்த பேச்சிக்கனி முந்தானையை இடுப்பில் செருகினாள். "நானும் வாரேன் மயினி. எம் மக சாத்தங்குடியிலதான இருக்கா, பாத்தாப்புல ஆச்சு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊரில் பாதிப் பெண்கள் ஓடைக்குள் இறங்கிவிட்டார்கள். நான் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். மணல் சுட்டது. போகிற வழியெல்லாம் இந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பு, இவர்களுக்கு ஓட்டு இல்லை, கூட்டிக்கொண்டு போவதால் பயன் இல்லை என்று வடிவிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் முன்னால் போய்விட்டாள், கேட்டிருக்காது.

சாத்தங்குடி எல்லையை மிதிக்கும்போதே வேட்டுச் சத்தம். தவசிமுத்து அன்றைக்குத்தான் தொடங்குகிறார். அதே நல்ல நேரம், பஞ்சாங்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே. தெருவை அடைத்துக் கார்கள். திறந்த வண்டியில் அவர் மாலையோடு நிற்கிறார். இரண்டு பக்கமும் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். எங்கள் கட்சிக்காரர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தெருமுனை டீக்கடையிலேயே ஒதுங்கிவிட்டார்கள். தெருவுக்குள் வந்தது வடிவும் ஓட்டில்லாத பெண்களும் நானும்தான்.

மைத்துனர் எங்களைப் பார்த்துவிட்டார். பறக்கும் படை சமாச்சாரம் அதற்குள் போனில் போய்விட்டிருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, வழி தப்பிட்டீயளோ? இந்த ஊராவது உங்க படத்துல இருக்கா?" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன், "அடுத்தாப்புல திருவனந்தபுரத்துக்கு ஓட்டுக் கேக்கப் போவாவ" என்றான். நான் காந்த முள்ளில் தொடங்கி விளக்கமாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். வடிவு என் கையை அமுக்கினாள். நல்ல அமுக்கு.

யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்தி எங்கள் பெண்களின் காலடியில் போட்டான். வேண்டுமென்றே போட்டானா, தவறி விழுந்ததா, தெரியாது. பெண்கள் சிதறினார்கள். ஒருத்தி சேலையில் பொறி பட்டது. அவர்களுடைய ஆட்கள் நெருங்கி வந்தார்கள். போலீஸ் என்று இருந்தது ஒரே ஒரு ஆள், அவரும் தவசிமுத்து வண்டிக்குப் பக்கத்தில். வடிவு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நான் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அடி விழுந்தால் முதலில் கிழியப்போவது அதுதான்.

அப்போது ஆரத்தி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "எம்மா. நீ எங்க இந்த வெயில்ல?"

பேச்சிக்கனியின் மகள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருக்கிறது.

"ஓடையில நடந்து வாரேன்" என்றாள் பேச்சிக்கனி. "சேலையில நெருப்பக் கொட்டுதானுவ ஒன் ஊர்க்காரனுவ. வா, வந்து பாரு."

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். தவசிமுத்து குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் வரிசையை விட்டு விலகி நேரே இங்கே வந்தாள். தாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையில் எரிகிற தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் வடிவுக்குச் சுற்றி, குங்குமத்தை எடுத்து வடிவு நெற்றியில் வைத்தாள். அவளுக்கு அடுத்து நின்றவளும் வந்தாள், அவளுடைய சித்தி எங்கள் கூட்டத்தில் இருந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சாத்தங்குடி மருமகள்களில் பாதிப்பேர் நொச்சிக்குளத்தில் பிறந்தவர்களாம். இது எந்த வரைபடத்திலும் கிடையாது. இருக்கவேண்டியதும் இல்லை, அது எங்கள் துறையின் வேலை அல்ல. தாயும் சித்தியும் நிற்கிற இடத்தில் எவன் கை ஓங்குவான்? நெருங்கி வந்த ஆட்கள் அப்படியே பின்வாங்கினார்கள். அதில் இரண்டு பேர் தங்கள் மாமியாரைப் பார்த்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

தவசிமுத்துக்கு அன்றைக்கு நெற்றியில் பொட்டு விழவே இல்லை. நல்ல நேரம் முடிந்து வண்டி கிளம்பிவிட்டது. சரியான ஈசானியத்தில் தொடங்கியதன் பலன் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே. ஆனால் கோணம் சரி, முடிவும் சரி.

இருந்தாலும் மறுநாளிலிருந்து ஏச்சு. போகிற இடமெல்லாம் தவசிமுத்து இதைத்தான் பேசினார். 'தன் தொகுதி எது என்று தெரியாத அம்மா' என்பார், ஜனம் சிரிக்கும். எங்கள் மாவட்டச் செயலாளர் போனில் வடிவிடம், "உங்க வீட்டுக்காரரை எலெக்ஷன் முடியுற வரைக்கும் வீட்டுல வச்சுப் பூட்டுங்கம்மா" என்று சொன்னார். என் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அவர் பயந்திருக்கிறார். வடிவும் அதையேதான் சொன்னாள். "நீங்க வீட்டுல இருந்து யோசிங்க, நான் அலைஞ்சிக்கிடுதேன்." ஆகவே மிச்சப் பிரச்சாரத்தை நான் வீட்டிலிருந்து நடத்தினேன்.

வேலாங்குறிச்சி முக்கில் அவள் பேசினதை வீட்டு வாசலில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன். "ஆமா, ஓட்டில்லாத ஊருக்குத்தான் முதல்ல போனேன்" என்கிறாள். ஒப்புக்கொள்ளாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "ஓட்டில்லாத ஊருக்கே நான் போயிட்டேன். ஓட்டு இருக்க உங்க தெருவுக்கு அவரு எப்ப வந்தாரு? யோசிச்சுச் சொல்லுங்க, நான் நிக்கேன்." நிஜமாகவே பேசாமல் நின்றாள். ஒலிபெருக்கியில் கரகரப்பு மட்டும். பிறகு கூட்டம் போட்ட சத்தத்தில் எங்கள் தெரு நாய்கள் எழுந்து ஓடின. ஒரு தவறை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் வீட்டில் அடிக்கடி பேசுவேன், அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஓட்டு எண்ணிக்கை ஒரு கல்லூரியில். உள்ளே போக எனக்கு பாஸ் கிடைக்கவில்லை. வடிவு மறந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்றேன். காலையில் பால் ஊற்றின கையோடு நொச்சிக்குளத்துப் பெண்களும் வந்து மரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்கு அந்தத் தொகுதியில் ஒரு ஓட்டுக் கிடையாது, ஆனால் எண்ணிக்கைக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றும் முடிய முடிய மைக்கில் அறிவிப்பார்கள். முதல் சுற்றில் பின்னால். அடுத்த சுற்றில் இன்னும் பின்னால். மைத்துனர் கார் நிறையப் பட்டாசு கொண்டுவந்து இறக்கினார். இறக்கிவிட்டு மரத்தடிக்கு வந்து, "நாளைலேருந்து நம்ம வண்டி வீட்டு வாசலுக்கே வரும், ஓடையில இறங்கி ஏற வேண்டாம்" என்றார் சிரித்துக்கொண்டே. பேச்சிக்கனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "அழாத, இன்னும் பாதி இருக்கு" என்று அவளை அதட்டினாள் பேச்சிக்கனி.

சாத்தங்குடிப் பக்கத்துப் பெட்டிகள் எண்ணின சுற்றில் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். பிறகு மறுபடி கூடியது. பிறகு குறைந்தது. கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் கிட்டத்தட்டச் சரிசமம். அடுத்து அறிவிக்கப்போகிற நேரத்தில் மைக் செத்துவிட்டது. சுத்தமாகச் சத்தம் இல்லை. அத்தனை ஜனமும் அந்த ஒலிபெருக்கியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. காக்கா கத்துகிறது. உள்ளே இருந்து யாரும் வரவில்லை. மைத்துனருக்கு ஒரு போன் வந்தது. கேட்டார். பட்டாசுப் பெட்டிகளைத் திரும்பவும் காரில் ஏற்றச் சொன்னார். அப்படித்தான் எங்களுக்கு முடிவு தெரிந்தது.

பேச்சிக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் படத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

வடிவு எம்.எல்.ஏ. ஆனதும் செய்த முதல் காரியம் இந்த பஸ்ஸை நொச்சிக்குளம் வழியாகத் திருப்பி விட்டது. நான் கூடாது என்றேன். ஓட்டில்லாதவர்களுக்குத் தந்த வாக்குறுதி செல்லாது, அடுத்த தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு மனவருத்தம் வரும், பிரயாண நேரம் கூடும் என்று காரணங்களை வரிசையாக எடுத்துச் சொன்னேன். "நான் ஜெயிச்சான்னு சொல்லலியே" என்றாள். அதைத்தானே நானும் அன்றைக்கே சொன்னேன், சேர்த்துக்கொள் என்று. கேட்டிருந்தால் இந்தச் சுற்று மிச்சம். அவளுடைய காரில் ஏறிப்போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதில் மனு கொண்டுவருகிறவர்கள் ஏறுகிறார்கள், இடம் இருப்பதில்லை. எனக்கும் பஸ்தான் தோது, யோசிக்கலாம்.

இதோ பாலம். பிடித்துக்கொள்ளுங்கள், திரும்புகிறான். வந்ததா வெயில்? முழங்கை வரைக்கும் நம் பக்கம்தான். சொன்னேன் இல்லையா, தெற்கே ஒதுங்கியிருக்கிறது என்று.

நொச்சிக்குளம் வந்துவிட்டது. பால் கேனோடு முதலில் ஏறுகிறாளே, அவள்தான் பேச்சிக்கனி.

"அண்ணாச்சி, எந்திரிங்க. அந்தத் தம்பியையும் எந்திரிக்கச் சொல்லுங்க. மேல எழுதியிருக்கது தெரியலையா?"

எழுந்திருங்கள், தம்பி. இந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து வேலாங்குறிச்சி வரைக்கும் நான் நின்றுகொண்டுதான் போவேன்.